கையும் கன்னமும்

மனித குலம் இரண்டே பிரிவாகப் படைக்கப்பட்டிருக்கிறது, ஒன்று கை, மற்றொன்று கன்னம் என்று மகாராஜா பத்திரிகைக்காரரிடம் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. முகம் முழுக்க வெள்ளைப் பவுடர் அப்பியிருந்தது. மீசையில் ஒரு பாதி ஒட்டியாகிவிட்டது. மறுபாதி பசை காய்வதற்காகக் கண்ணாடிக்கு முன்னால் கிடந்தது. அந்தக் கோலத்தில் ஒரு மனிதர் தத்துவம் பேசினால் கேட்கிறவருக்குச் சிரிப்பு வரவேண்டும். பத்திரிகைக்காரர் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்.

"கை செய்யும் சார். கன்னம் வாங்கிக்கும். சிரிப்புங்கிறது கையிலதான் இருக்கு. நான் வீசுற வேகம், நிறுத்துற இடம், அப்புறம் இந்தப் புருவம். கன்னத்துக்கு இதுல என்ன வேலை? சும்மா இருக்கிறதுதான் வேலை. சுவர் சும்மா இருக்கில்ல, அந்த மாதிரி."

"அப்ப, உங்ககூட நடிக்கிறவரைப் பத்தி ரெண்டு வார்த்தை..."

"யாரு?"

பத்திரிகைக்காரர் மூலையைப் பார்த்தார். அங்கே முக்காலியில் உட்கார்ந்து ஒரு இளைஞன் தன் கன்னத்துக்குத் தானே பவுடர் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஓ, இவனா! என் சம்சாரத்தோட தம்பி. கல்யாணத்துல கட்டில் பீரோவோட சேத்து அனுப்பிட்டாங்க."

இளைஞன் சிரித்தான். தன்னைப் பற்றிய நகைச்சுவைக்குத் தானே சிரிக்காவிட்டால் மரியாதையாக இருக்காது என்று நினைக்கிற பிறவி அது. உப்பலாக, உருண்டையாக இருந்த அந்த முகத்தைப் பார்த்துப் பன்னு என்று ஊரே கூப்பிட்டது. மகாராஜா என்பதும் பட்டப்பெயர்தான். ஆனால் அதை அவருக்கு அவரே சூட்டிக்கொண்டார். ஆட்சேபிக்க யாரும் முன்வராததால் அது நிலைத்துவிட்டது.

மகாராஜாவின் கலைவாழ்வு ஒரு தவறில் தொடங்கியது. அவர் அப்போது சோப்புக் கம்பெனியில் விற்பனையாளர். படப்பிடிப்பை வேடிக்கை பார்க்கப் போனவரைப் பிடித்து, ஆள் குறைகிறது என்று போலீஸ்காரன் சட்டையை மாட்டிவிட்டார்கள். கதாநாயகனை அறைவதுபோல் பாவனை செய்யவேண்டும். பாவனை என்றால் என்னவென்று சோப்பு விற்கிறவருக்கு எப்படித் தெரியும்? அறைந்துவிட்டார். கதாநாயகனின் டோப்பா பறந்து விளக்கின்மேல் விழுந்து கருகியது. அவனை வெளியே தள்ளு என்று கதாநாயகன் குதித்தார். ஆனால் கொட்டகையில் அந்தக் காட்சிக்கு ஜனங்கள் சிரித்துச் சிரித்து நாற்காலியை உடைத்தார்கள். ஸ்டூடியோ முதலாளி கணக்குத் தெரிந்தவர். கதாநாயகனை மாற்றினார், போலீஸ்காரனை வைத்துக்கொண்டார்.

அது ஊமைப் படங்களின் காலம். படம் என்னவோ முழுக்க முழுக்கச் சோகமாக ஓடும். நடுவில், கதைக்குத் துளியும் சம்பந்தமில்லாமல், மகாராஜா வருவார். கதாநாயகி விஷக் கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோகும் நேரத்தில் எங்கிருந்தோ வந்து யாரையாவது அறைவார். கொட்டகை குலுங்கும். பிறகு கதாநாயகி நிம்மதியாக விஷம் குடிப்பாள்.

அறை வாங்குவதற்கு முதலில் ஆள் நிலைக்கவில்லை. ஒருவன் மதியச் சாப்பாட்டுக்குப் போனவன் திரும்பவே இல்லை. இன்னொருவன் திருப்பி அறைந்தான். அவனுக்குக் கலையில் எதிர்காலம் இல்லாமல் போயிற்று. கடைசியில் மகாராஜாவின் மனைவிதான் சொன்னாள்.

"நம்ம பன்னு சும்மாதானே இருக்கான். கூட்டிட்டுப் போங்களேன்."

அவள் தன் வாழ்நாளில் கொடுத்த யோசனைகளில் கணவர் ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

மகாராஜாவின் பாணி எளிமையானது. பன்னு ஏதோ சொல்ல வாயெடுப்பான். மகாராஜா அவன் பக்கம் திரும்பவே மாட்டார். காமிராவைப் பார்த்தபடி, ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தி, வலது கையைப் பக்கவாட்டில் வீசுவார். ஈயை விரட்டுவதுபோல் இருக்கும். அடிக்கிற ஆளை ஏறிட்டும் பார்க்காததில்தான் ராஜகளை இருக்கிறது என்பது அவர் கொள்கை. அறையெல்லாம் நிஜம். ஒத்திகையிலும் நிஜம், கைக்குப் பழக்கம் விட்டுப்போகக் கூடாதல்லவா.

ஆகவே அறை விழுந்த பிறகு பன்னு என்ன செய்கிறான் என்பது மகாராஜாவுக்குத் தெரியாது. படம் வெளியான பிறகு கொட்டகையில் பார்த்திருக்கலாமே என்றால், அங்கேதான் விசேஷம். மகாராஜா எல்லாப் படத்துக்கும் போவார். திரைக்குப் பக்கத்தில் தொங்கும் படுதாவின் மறைவில் நிற்பார். ஆனால் திரைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார். தன் படத்தைத் தானே பார்ப்பவன் தன் சமையலைத் தானே புகழ்கிறவன் என்பார். அவருக்கு ஜனங்களின் முகம்தான் படம். இருட்டில் திரையின் வெளிச்சம் பட்டு வரிசை வரிசையாக வாய்கள் திறப்பதையும், பருத்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வதையும், கிழவர்களுக்குப் பொய்ப்பல் நழுவுவதையும் பார்த்து ஆனந்தப்படுவார். வாய்கள் அறை விழுந்த நொடியில் திறக்காமல் சற்றுத் தாமதித்தே திறக்கின்றன என்பதைக்கூட அவர் கவனித்திருந்தார். 'என் புருவம் உள்ளே இறங்க அவ்வளவு நேரம் பிடிக்கிறது' என்று அதற்கு விளக்கமும் வைத்திருந்தார்.

திரையில் தான் இல்லாத ஒரு நாளை அவர் கற்பனை செய்து பார்த்ததுண்டு. அந்தக் கற்பனையில் அவர் செத்துப்போயிருப்பார். உயிரோடு இருக்கும்போதே அப்படி ஒரு நாள் வரக்கூடும் என்று தோன்றியதில்லை.

ஒருநாள் அறை சற்று மேலே விழுந்தது. காது. பன்னு வழக்கம்போல் தன் வேலையை முடித்தான், காட்சி முடிந்ததும் தரையில் உட்கார்ந்துகொண்டான். இடது காதிலிருந்து ஒரு கோடாக ரத்தம் இறங்கிக் கழுத்துப்பட்டையில் ஊறியது. சட்டை கம்பெனிச் சட்டை என்பதால் உடைகள் பொறுப்பாளர் பதறிப்போனார்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "சவ்வு கிழிஞ்சிருக்கு. இனிமே இந்தப் பக்கம் அடிபடாமப் பாத்துக்கணும்."

"வலது பக்கம் அடிபடலாமா டாக்டர்?" என்றார் மகாராஜா அக்கறையோடு.

"அடிபடாம இருந்தா நல்லது."

"நான் வலது கைக்காரன். வலது கன்னத்துக்கு நான் இடது கையில அடிக்கணும். அது முடியாது டாக்டர். தொழில்னு ஒண்ணு இருக்கில்ல."

அன்று சாயங்காலம் மனைவி சொன்னாள். "தலகாணியெல்லாம் ரத்தம்."

"உறையை மாத்து."

"பின்னாலேருந்து கூப்பிட்டா அவனுக்குக் கேக்கலைங்க."

"ஊமைப் படத்துல நடிக்கிறவனுக்குக் காது எதுக்குடி? அது ஆடம்பரம்."

இது மிக நல்ல நகைச்சுவை என்று அவருக்கே பட்டதால் மறுநாள் ஸ்டூடியோவில் எல்லாரிடமும் சொன்னார். முதலாளி கண்ணில் நீர் வரச் சிரித்தார். பன்னுவும் சிரித்தான், மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து, கொஞ்சம் தாமதமாக.

பிறகு படங்கள் பேசத் தொடங்கின.

வெளிச் சத்தம் வராமலிருக்க ஸ்டூடியோ ஜன்னல்களுக்கெல்லாம் மெத்தை தைத்தார்கள். பூச்சாடிக்குள் மைக்கை ஒளித்துவைத்தார்கள். அந்தப் பூச்சாடியின் முன்னால் கதாநாயகன், கதாநாயகி, வில்லன் எல்லாரும் கல்யாண வரிசையில் நிற்பதுபோல் வந்து வந்து பேசிவிட்டுப் போனார்கள். மகாராஜாவுக்குக் குரல் பிரச்சினை இல்லை. சோப்பு விற்ற குரல். தெருக்கோடி வரை போகும். காட்சி இதுதான்: "கதவைச் சாத்தினியா?" என்று கேட்டு அவர் அறையவேண்டும். "எந்தக் கதவு?" என்று பன்னு கேட்கவேண்டும்.

கேட்டார். அறைந்தார். பதில் வரவில்லை.

மகாராஜா காமிராவையே பார்த்துக்கொண்டு நின்றார். உயர்த்திய புருவம் வலிக்க ஆரம்பித்தது. இன்னும் பதில் இல்லை. அப்புறம், எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல், "எந்தக் கதவு?" என்று வந்தது. காமிராக்காரர் சட்டை நுனியை வாயில் திணித்துக்கொண்டிருந்தார். டைரக்டர் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார்.

"இன்னொரு தடவை எடுக்கலாம். கழுதை, நேரத்துல பேச மாட்டேங்கிறான்," என்றார் மகாராஜா.

"ஐயோ, தொடாதீங்க! அப்படியே இருக்கட்டும்," என்றார் டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஒலிப்பதிவு செய்கிறவர் மட்டும் சிரிக்கவில்லை. காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு வந்தார். "ஐயா, ஒரு சின்ன விஷயம். உங்க அறை மைக்குல சரியா விழல. ஈரத் துணியைக் கீழ போட்ட மாதிரி இருக்கு."

"என்னது?"

"ரெண்டு பலகையைத் தட்டினா ஜோராக் கேக்குது. அதனால நீங்க நிஜமா அடிக்கவே வேண்டாம். கையைச் சும்மா கிட்டக் கொண்டுபோங்க, போதும். மிச்சத்தைப் பலகை பாத்துக்கும்."

இத்தனை வருஷம் இந்தக் கைக்காகவே கொட்டகைகள் கட்டப்பட்டன என்று நம்பியிருந்தவரிடம் சொல்கிற பேச்சா இது? மகாராஜா அடுத்த காட்சியில் வழக்கத்தைவிட ஓங்கி அறைந்தார். அதுவும் ஈரத் துணி மாதிரிதான் கேட்டது.

படம் முடிந்ததும் முதலாளி தன் சொந்த அறையில் போட்டுக் காட்டினார். சின்ன அறை. நாலைந்து சோபா. படுதாவும் இல்லை, ஜனங்களும் இல்லை. முதுகைக் காட்டி நின்றால் முதலாளியின் வழுக்கையைத்தான் பார்க்கவேண்டும். வேறு வழியில்லாமல் மகாராஜா முதல் தடவையாகத் திரையைப் பார்த்து உட்கார்ந்தார்.

ஒரு கை வந்தது. பன்னுவின் கன்னத்தில் விழுந்தது. மகாராஜா தன் புருவத்தைத் தேடினார். காணோம். திரையின் ஓரத்தில் ஒரு தோளும், அரை மீசையும், காதின் ஒரு பகுதியும் தெரிந்தன. மற்ற இடமெல்லாம் பன்னு.

பன்னு அறை வாங்கியதும் கன்னத்தைத் தடவிக்கொள்ளவில்லை, அழவில்லை. பக்கத்தில் யாரோ அறை வாங்கியிருக்கிறார்களே, பாவம், யாராக இருக்கும் என்று மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பக்கம் யாரும் இல்லை. இந்தப் பக்கம் பார்த்தான். இங்கேயும் இல்லை. கவலைப்பட்டான். பிறகு ஒரு சந்தேகம் அவன் முகத்தில் மெல்ல மெல்ல விடிந்தது. நாம்தானோ? அந்த நேரம் பார்த்து, கேட்காத காதில் விழுந்த கேள்விக்கு, "எந்தக் கதவு?" என்றான்.

முதலாளி சோபாவில் புரண்டார்.

"என் முகம் எங்க?" என்றார் மகாராஜா.

"எது?"

"என் முகம். பாதிதான் தெரியுது."

"ஓ, அதுவா," என்றார் காமிராக்காரர் பின்னாலிருந்து. "ஊமைப் படத்துலேருந்தே அப்படித்தான் சார் வைக்கிறேன். முழுசா வெச்சா பன்னு சின்னதாப் போயிடுவான் பாருங்க."

மகாராஜா எழுந்தார். "இனிமே என் படத்துல இவன் கிடையாது."

எல்லாரும் மூலையில் உட்கார்ந்திருந்த பன்னுவைப் பார்த்தார்கள். பன்னு யாரைச் சொல்கிறார்கள் என்று பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். முதலாளி மறுபடியும் புரண்டார்.

அன்றே வீட்டின் பின்னறையிலிருந்து பன்னுவின் பெட்டி வெளியே வந்தது. "என்ன அத்தான் தப்பு பண்ணேன்?" என்று கேட்டான். மகாராஜா அவனுடைய இடது பக்கம் நின்று பதில் சொன்னார். அவர் வாய் அசைந்ததைப் பன்னு பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, சரி என்பதுபோல் தலையாட்டினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் அக்கா வாசல் கதவைச் சாத்தவே இல்லை; அது அன்று முழுக்கக் காற்றில் அடித்துக்கொண்டு கிடந்தது.

அடுத்த படத்துக்குப் புதுக் கன்னம் வந்தது. நல்ல கன்னம், சிவந்த கன்னம், இரண்டு காதும் கேட்கிற கன்னம். அடித்தவுடன் "எந்தக் கதவு?" என்று பளிச்சென்று சொன்னது. மகாராஜா தன் முகம் முழுசாகத் தெரியவேண்டும் என்று காமிராவுக்குப் பக்கத்திலேயே நின்று சட்டம் போட்டார். புருவம் கதவு அகலத்துக்கு வந்தது.

கொட்டகையில் படுதா மறைவில் போய் நின்றார். கதாநாயகி விஷக் கிண்ணத்தை எடுத்தாள். 'இப்போது பார்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பலகைச் சத்தம் ஜோராகக் கேட்டது. வாய்கள் திறக்கவில்லை. புருவம் இறங்க நேரம் ஆகும் என்று காத்திருந்தார். ஒரு பருத்த பெண்மணி கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். ஒரு கிழவர் பொய்ப்பல் பத்திரமாக வாயிலிருக்க, நல்ல உறக்கத்தில் இருந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய், பன்னு எங்கடா?"

"பன்னு செத்துட்டான்டா!" என்றான் இன்னொருவன்.

"அதான் இவர் கருமாதிக்கு வந்தவர் மாதிரி நிக்கிறாரா?"

கொட்டகை குலுங்கச் சிரித்தது. அன்றைய படத்துக்குக் கிடைத்த ஒரே சிரிப்பு அது. மகாராஜா இருட்டில் எல்லா முகங்களையும் தெளிவாகப் பார்த்தார். அவருக்குத்தான் முகம் பார்க்கிற பழக்கம் ஆயிற்றே.

அதற்குப் பிறகு ஸ்டூடியோவிலிருந்து வண்டி வரவில்லை. வண்டி பழுது என்று நினைத்தார். பிறகு வண்டிக்காரன் பழுது என்று நினைத்தார். நினைக்க வேறொன்றும் மிச்சமில்லாதபோது நடந்தே போனார். வாசலில் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒரு குஸ்திக்காரன், ஒரு மாட்டு வண்டிக்காரன், கையைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்த ஒரு கணக்கு வாத்தியார்.

"என்ன கூட்டம்?" என்று காவல்காரனைக் கேட்டார்.

"பன்னு சாரை வெச்சு முழுநீளப் படம் எடுக்கிறாங்க. அவரை அறைய ஆள் எடுக்கிறாங்க. நீங்களும் அதுக்குத்தானா?" காவல்காரன் புதியவன். "கடைசியில போய் நில்லுங்க பெரியவரே. நடுவுல பூந்தா இவங்க சும்மா இருக்க மாட்டாங்க. எல்லாம் கை நீளமான ஆளுங்க."

வரிசையில் நிற்கிறவரல்ல மகாராஜா. ஆனால் வீட்டுக்குத் திரும்பிப் போய் என்ன செய்வது? நின்றார். அவர் முறை வருவதற்குள் கணக்கு வாத்தியாரை எடுத்துவிட்டார்கள். முன்அனுபவம்.

முதலாளி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அந்தக் கரிசனத்தைக் கண்டு மகாராஜா நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்தார்.

"கைக்கு ஆள் கிடைச்சாச்சு. ஆனா கதையில கடைசியா ஒரு இடம் இருக்கு. பன்னு படம் முழுக்க வாங்குறான் இல்லையா, முடிவுல ஒரே ஒரு தடவை ஒருத்தனை அறையுறான். அதை வாங்க ஒரு ஆள் வேணும்."

"வாத்தியாரே வாங்கட்டுமே."

"வாத்தியார் வாங்கினா யார் சிரிப்பா? அவரை யாருக்குத் தெரியும்? உங்களை யாராவது ஒரு தடவை அறைய மாட்டாங்களான்னு ஜனங்க எத்தனை வருஷமாக் காத்துட்டிருக்காங்க தெரியுமா?" முதலாளி அன்போடு சாய்ந்தார். "அது ஒரு சின்ன பாகம்தான். ஆனா முகம் முழுசாத் தெரியும். அதுக்கு நான் பொறுப்பு."

வீட்டில் மனைவி விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். ஒரு தட்டைத் துடைத்து முடித்தாள்.

"போறீங்களா?"

"யோசிக்கிறேன்."

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு? சும்மா இருக்கிறதுதானே வேலை. சுவர் மாதிரி."

படப்பிடிப்பு நாளன்று பன்னு எழுந்து நின்று, "வாங்க அத்தான்," என்றான். அவன் குரலில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் மகாராஜா கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த வாய்ப்பையும் அவன் கெடுத்தான்.

விளக்குகள் எரிந்தன. பலகைக்காரர் பலகையோடு தயாராக நின்றார். பன்னு கையைக் கிட்டே கொண்டுவந்தான். கை வந்து சேருவதற்கு முன்பே மகாராஜாவின் கண்கள் இறுக மூடிக்கொண்டன, கழுத்து தோளுக்குள் போயிற்று.

"கட்! முன்னாடியே பயப்படாதீங்க சார்."

மறுபடி. மறுபடியும் கழுத்து உள்ளே போயிற்று. மூன்றாவது தடவை தலை பின்னால் போய்ப் பூச்சாடியில் இடித்தது. ஒலிப்பதிவு செய்கிறவர் காதைப் பிடித்துக்கொண்டு கத்தினார். நாலாவது தடவைக்குப் பிறகு டைரக்டர் முதலாளியிடம் போய் எதையோ சொன்னார். முதலாளி உதட்டைப் பிதுக்கி, வாசல் பக்கம் பார்த்தார். வாசலில் குஸ்திக்காரன் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

மகாராஜா அதைப் பார்த்தார்.

"மாப்ளே," என்றார்.

பன்னு அசையவில்லை. அவர் அவனுடைய இடது பக்கம் நின்றிருந்தார். சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனார். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"சும்மா கையைக் காட்டினா எனக்கு வர மாட்டேங்குது. நிஜமாவே அடிச்சுடு."

"வேணாம் அத்தான். வலிக்கும்."

"தெரியும்டா. அடி."

பன்னு அடித்தான். இத்தனை வருஷமும் வாங்கி வாங்கியே எங்கே விழவேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தான். காமிராக்காரர் சரி என்று கையை அசைத்தார். டைரக்டர் கொஞ்சம் யோசித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சார் கொஞ்சம் உயரம். பன்னு எட்டி அடிக்க வேண்டியிருக்கு. இன்னொண்ணு எடுத்துக்கலாமா?"

மகாராஜா தன் இடத்துக்குப் போய் நின்றார். முழங்காலைச் சற்று மடக்கித் தன் உயரத்தைக் குறைத்துக்கொண்டார். கன்னத்தில் கலைந்திருந்த பவுடரை விரலால் சரிசெய்துவிட்டு, அதை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, சும்மா இருந்தார்.